கடல் என்னும் அண்டா: காரை ஓடையிலிருந்து துருவப் பனி வரை

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கடற்கரை கிடையாது. ஆனாலும் பழைய கடல் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்கத் தமிழ்நாட்டில் இவற்றைவிட நல்ல இடம் இல்லை. கொளக்காநத்தத்தை அடுத்த காரையில், புல் பூண்டு அதிகம் பிடிக்காத களிமண் மேடுகள் மழைநீர் அரித்து ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கின்றன. நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு அந்த ஓடைக்கரையில் குனிந்து தேடினால், விரல் பருமனில், ஒரு முனை கூராக, தேன் நிறத்தில் சின்னச் சின்ன உருளைகள் கண்ணில் படும். உடைந்த ஒன்றை எடுத்து அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை மெல்லிய கோடுகள் ஓடும். அவற்றைச் சுற்றி வளையம் வளையமாக ஓடு வளர்ந்த தடம் இருக்கும். கணவாய்க்குத் தூரத்து உறவான பெலம்னைட் என்ற கடல் உயிரின் உடலுக்குள் இருந்த கூடு அது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டு பழையது.

அந்த வளையங்களில் அன்றைய கடலின் வெப்பநிலை பதிவாகியிருக்கிறது. ஆக்ஸிஜன் அணுவில் எடை குறைந்தது ஒன்று, எடை கூடியது ஒன்று என இரு வகை முக்கியமானவை. கடல்நீர் குளிராக இருக்கும்போது வளரும் ஓட்டில் எடை கூடிய ஆக்ஸிஜனின் பங்கு சற்று மிகும். நீர் சூடாக இருந்தால் குறையும். ஓட்டைச் சுரண்டியெடுத்த பொடியைக் கருவியில் இட்டு அந்த விகிதத்தை அளக்கிறார்கள். காரையின் பெலம்னைட்டுகளிலும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. உலகெங்கும் இப்படிச் சேர்த்த அளவுகள் சொல்வது இது: கிரெட்டேசியஸ் என்று அழைக்கப்படும் அந்தக் காலத்தின் நடுப்பகுதியில் பூமி இன்றைவிட மிகவும் சூடாக இருந்தது. இன்று நாம் பார்ப்பதுபோன்ற பெரும் பனிப்பாளங்கள் துருவங்களில் அப்போது இல்லை. அண்டார்க்டிகாவில் காடு வளர்ந்தது.

அந்த அண்டார்க்டிகா அன்றைக்கு நமக்குப் பக்கத்து நிலம். அதிலிருந்து இந்தியா பிளந்து விலகியபோது உண்டான பள்ளத்தில்தான் கடல் புகுந்தது. காவிரிப் படுகை என்று புவியியலார் சொல்வது இதைத்தான். 1840களில் இங்கே பொறுக்கப்பட்ட சிப்பிகள் லண்டன் சென்றன. 1846-இல் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை வகைப்படுத்தினார். ஸ்டோலிச்கா இங்கு கிடைத்த உயிரினங்களைப் பற்றிப் பெருநூல்களே எழுதினார். அன்றிலிருந்து உலகப் புவியியல் நூல்களில் அரியலூர், ஊட்டத்தூர் என்ற பெயர்கள் நிலைத்துவிட்டன. சாத்தனூரில் ஓடைக்குள் படுத்திருக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தைப் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தார். கரையிலிருந்து அடித்துவரப்பட்டுக் கடல் வண்டலில் புதைந்த மரம் அது.

கடலும் துருவப் பனியும் பூமியின் தட்பவெப்பத்தை எப்படி நூற்றாண்டுக் கணக்கில், சில சமயம் கோடி ஆண்டுக் கணக்கில் ஆட்டிவைக்கின்றன? இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை, அடுக்களை போதும்.

கல்யாண வீட்டில் குளிக்க வெந்நீர் போடும் பித்தளை அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்து வரை தண்ணீர். அடுப்பு மூட்டி அரை மணி ஆனாலும் விரலை விட்டால் வெதுவெதுப்புதான். அதே அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டிருந்தால் இதற்குள் புகைந்திருக்கும். ஆனால் ஒருமுறை கொதித்த அண்டா, விறகை இழுத்துப்போட்ட பிறகும் வீட்டில் கடைசி ஆள் குளித்து முடிக்கும்வரை சூடாகவே இருக்கும். நீர் வெப்பத்தை ஏராளமாக வாங்கும், மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே விடும்.

பூமியில் காற்றும் நிலத்தின் மேல்தோலும் தோசைக்கல். கடல்தான் அண்டா. காற்று மண்டலம் முழுவதும் தாங்கும் வெப்பத்தைக் கடலின் மேல் 3 மீட்டர் நீரே தாங்கிவிடும். கடலின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர்.

சூரியன் என்ற அடுப்பில் இப்போது விறகு கூடவில்லை. நாம் எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் கக்கிய கரியமில வாயு, அடுக்களையின் புகைபோக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறது. வெளியேற வேண்டிய வெப்பம் உள்ளேயே தங்குகிறது. கடந்த அரை நூற்றாண்டில் இப்படித் தங்கிய மிகை வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடலுக்குள் போயிருக்கிறது. நிலம், உருகும் பனி, காற்று எல்லாம் சேர்ந்து வாங்கியது மீதிப் பத்துப் பங்கைத்தான். காற்றின் சூட்டை மட்டும் பார்த்து, பூமி ஒன்றேகால் டிகிரிதானே சூடாகியிருக்கிறது என்று பேசுவது, அண்டாவில் கை வைக்காமல் தோசைக்கல்லை மட்டும் தொட்டுப் பார்த்த பேச்சு.

ஓர் இடத்தில் இந்த உவமை பிசகுகிறது, பிசகும் அந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. வீட்டு அண்டாவுக்குத் தீ கீழே. அடியில் சூடான நீர் இலேசாகி மேலெழும், மேலே இருந்த குளிர்நீர் இறங்கும். தானாகவே கலங்கிக்கொள்ளும். கடலுக்கோ தீ மேலே இருக்கிறது, பிரியாணிக்குத் தம் போடும்போது மூடியின் மேல் கங்கைக் கொட்டுவதைப் போல. மேலே சூடான நீர் மேலேயே மிதக்கும். கீழே இறங்க அதற்குக் காரணமே இல்லை. வெப்பமண்டலக் கடலில் மேல்பரப்பு 28 டிகிரி இருக்கும்போது ஆழத்தில் 2 டிகிரிதான் இருக்கிறது. தீ மேலே எரியும் அண்டாவின் அடியில் இவ்வளவு குளிர்ந்த நீர் எங்கிருந்து வந்தது?

துருவத்திலிருந்து வந்தது. கடல்நீர் உறைய சைபர் டிகிரி போதாது. ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரிக்குப் போக வேண்டும். உறையும்போது அது தன் உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு இருக்க, அதிலிருந்து உண்டாகும் பனியில் மிகச் சிறு பங்குதான் தங்கும். தள்ளப்பட்ட உப்பெல்லாம் பனிக்கு அடியில் இருக்கும் நீரில் சேர்கிறது. ஏற்கெனவே கடுங்குளிர், இப்போது கூடுதல் உப்பு: இரண்டும் சேர்ந்து அந்த நீரைக் கனமாக்குகின்றன. அது சரிந்து ஆழத்துக்கு இறங்குகிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றி இப்படி இறங்கும் நீர் வடக்கே தவழ்ந்து இந்தியப் பெருங்கடலின் அடித்தளத்தையும் நிரப்புகிறது. வட அட்லாண்டிக்கில் குளிர்காற்று பட்டு இறங்கும் நீர் தெற்கே போகிறது. இறங்கிய நீர் எங்கோ மேலெழுந்து மறுபடி துருவத்துக்குத் திரும்பும் சுற்றுக்கு ஆயிரம் ஆண்டு அளவில் பிடிக்கும். சோழர்கள் கங்கைகொண்டசோழபுரத்தில் கோயில் எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில் கீழே இறங்கிய நீர் இன்னும் ஆழத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறது. கடலின் கரண்டி துருவத்தில் இருக்கிறது, அதைச் சுழற்றுவது குளிரும் உப்பும்.

கிரீன்லாந்தின் பனி உருகி நன்னீராக அட்லாண்டிக்கில் கலந்தால் அங்கே மேல்நீரின் உப்பு நீர்த்துப்போகும், நீர் இறங்குவது தளரும். இந்தச் சுழற்சி இந்த நூற்றாண்டில் பலவீனப்படும் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு வேகமாக என்பதில்தான் விவாதம்.

இனி மூடிக்கு வருவோம். தீ மேலே இருக்கும் இந்த அண்டாவில் கடற்பனி என்ற மூடி ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது.

கோடையில் அது பளபளக்கும் எவர்சில்வர் தட்டு. மேலே இருந்து விழும் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. புதுப்பனித்தூள் படிந்த கடற்பனி, விழும் ஒளியில் 90 சதவீதம் வரை திருப்பிவிடும். வெறும் பனியும் பாதிக்கு மேல் திருப்பும். மூடி விலகித் திறந்த கடல் கறுத்துத் தெரியும் இடத்தில் திரும்புவது 6 சதவீதம்தான், மிச்சமெல்லாம் நீருக்குள் இறங்கிவிடும். கொஞ்சம் பனி உருகினால் கொஞ்சம் கருநீர் திறக்கும். அது வெயிலை வாங்கிச் சூடாகும். அந்தச் சூடு பக்கத்துப் பனியைத் தின்னும்.

குளிர்காலத்தில் அதே மூடி வேறு வேலை பார்க்கிறது. மேலே காற்று மைனஸ் 30 டிகிரி, கீழே கடல் மைனஸ் 1.8. நடுவில் ஓரிரு மீட்டர் பனி இருந்தால் கடலின் வெப்பம் காற்றுக்குப் போவது வெகுவாகக் குறைகிறது. மூடி இல்லையென்றால் கோடையில் வாங்கிய சூட்டைக் கடல் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காற்றில் கொட்டுகிறது. ஆர்க்டிக்கில் வெப்பம் அதிகம் கூடுவது இந்த மாதங்களில்தான், வெயில் காயும் கோடையில் அல்ல. முதன்முதலில் கேட்பவருக்கு இது புதிராக இருக்கும். மூடியை நினைத்தால் புதிர் தீர்ந்துவிடும்.

மூடிக்குக் கீழே சூடு இருக்கிறது என்பது இன்று நேற்றுக் கண்டதல்ல. நார்வேயின் துருவ ஆய்வாளர் நான்சென் 1893-இல் ஃபிராம் என்ற கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் சிக்கவைத்தார். பனி இழுத்த இழுப்புக்கு 1896 வரை கப்பல் மிதந்தது. பனியில் துளையிட்டு வெப்பமானியை இறக்கியபோது, மேலே உறைநிலைக் குளிர்நீர், அதற்கும் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான நீர் என்று தெரிந்தது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது உப்பின் வித்தியாசம். இன்று ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் இயங்குகிறது. 2014-இல் அங்குள்ள கடற்கழியில் இந்தியா ஒரு கருவித் தொடரை நீருக்கடியில் கட்டித் தொங்கவிட்டது. கோவாவிலிருக்கும் நம் துருவ ஆய்வு மையம் இந்த வேலைகளை நடத்துகிறது. நமக்கு எதற்கு வடதுருவம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பருவமழையை நம்பிச் சோறு தின்னும் நாடு அண்டாவின் மூடியைக் கவனிக்காமல் இருக்க முடியாது என்பது என் கட்சி.

மூன்றாவது வேலையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மூடி, வாயுவையும் அடக்குகிறது. கடலில் கரைந்திருக்கும் கார்பன் காற்றில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. பனியுகத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 180 அளவில் இருந்தது. பனியுகம் முடிந்தபின் 280 அளவுக்கு ஏறியது. அண்டார்க்டிகப் பனிக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகளில் இந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. அந்த 100 எங்கே ஒளிந்திருந்தது? ஆழ்கடலில். குளிர்நீர் வாயுவைக் கூடுதலாகக் கரைத்து வைக்கும் என்பது ஒரு காரணம். தென்பெருங்கடலை மூடிக்கிடந்த அகன்ற கடற்பனி, ஆழத்திலிருந்து எழும் நீர் காற்றைச் சந்திக்கவிடாமல் தடுத்தது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் இன்னொரு விளக்கம். பூமியின் சுற்றுப்பாதையில் நேரும் சிறு மாறுதல் முதல் உந்துதலைக் கொடுத்தது. அதைப் பெருக்கிப் பனியுகமாகவும் வெப்பயுகமாகவும் ஆக்கியதில் கடலுக்கும் பனிக்கும் பெரும் பங்கு. 20,000 ஆண்டுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்.

இப்போது மூடி எப்படி இருக்கிறது? செயற்கைக்கோள் கணக்கு தொடங்கிய 1979-இல் செப்டம்பர் மாத ஆர்க்டிக் பனி ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் அது ஏறத்தாழ 36 லட்சம். இடையில் இழந்த பரப்பு இந்தியாவைவிடப் பெரிது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலக சராசரியைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. நெடுங்காலம் பெரிதாகக் குறையாமல் இருந்த அண்டார்க்டிகக் கடற்பனியும் 2023 பிப்ரவரியில் 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே போனது.

கடற்பனி உருகினால் கடல்மட்டம் ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மிதக்கும் பனி உருகினால் மட்டம் ஏறாது. மட்டத்தை ஏற்றுவது இரண்டு: நிலத்தின் மேல் கிடக்கும் கிரீன்லாந்து, அண்டார்க்டிகா, மலைச்சிகரப் பனிகள் உருகுவது ஒன்று, சூடான நீர் விரிவது மற்றொன்று. விளிம்பு வரை நிரப்பிய அண்டா கொதிக்கும் முன்பே வழியத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் ஏறியது.

காரையில் கடல் இருந்ததே, அது திரும்பி வருமா என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பூமியில் உள்ள பனி முழுவதும் உருகினாலும் மட்டம் 65 மீட்டர் அளவில்தான் ஏறும், அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கிரெட்டேசியஸ் கடல் இன்னும் உயரமாக இருந்ததற்குக் கடலடித் தரையே காரணம். கண்டங்கள் பிளந்துகொண்டிருந்த காலம். சூடான புதுத்தரை உப்பி, நீரை மேலே தள்ளியது. அரியலூர்க்காரர் கடலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நாகப்பட்டினத்துக்காரர் அஞ்சுவதற்கு 65 மீட்டர் தேவையில்லை, ஒரு மீட்டரே போதும்.

ஆனால் அண்டாவின் சூடு பெரம்பலூர் மானாவாரிக் காட்டுக்கு வேறு வழியில் வந்து சேர்கிறது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் எல்லாம் இங்கே வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியவை. அந்த மழையின் போக்கைப் பசிபிக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் எங்கெங்கே சூடு, எங்கெங்கே குளிர் என்பது மாற்றுகிறது. 2015-இல், பசிபிக் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வலுவாக இருந்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதல், சென்னை மூழ்கியது. மறு ஆண்டு 2016-இல் 62 சதவீதம் குறைவு. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்பரப்பு 1951 முதல் 2015 வரை ஏறத்தாழ 1 டிகிரி சூடாகியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். பெய்தால் கொட்டித் தீர்ப்பதற்கும் அந்த ஈரம் ஒரு காரணம்.

மிகப் பழைய சங்கதி ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது, அதுதான் அரியலூரின் சொந்தச் சங்கதி. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையை அரிக்கிறது. அரித்ததை ஆறு கடலுக்குக் கொண்டுபோகிறது. அங்கே சிப்பியும் நுண்ணுயிர்களும் அதில் ஓடு கட்டுகின்றன. ஓடுகள் அடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆகின்றன. எரிமலைகள் கக்கும் வாயுவைப் பூமி கோடி ஆண்டுக் கணக்கில் இப்படித்தான் அடக்கிவந்தது. கல்லங்குறிச்சிச் சுரங்கத்தின் வெட்டுமுகத்தில் மடிப்பு மடிப்பாகத் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காக நெருங்கிக் கிடக்கின்றன. 7 கோடி ஆண்டுக்கு முந்தைய காற்றின் கார்பன் அங்கே கல்லாக இருக்கிறது.

அந்தக் கல்தான் டிப்பர் லாரியில் ஏறிச் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. சூளையில் 100 கிலோ சுண்ணாம்புக்கல் வெந்தால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். எரிபொருளின் புகை இதில் சேராது. கல்லிலிருந்து மட்டும் வருவது இது. சிமெண்டாக அரைக்கும் முன் சூளையிலிருந்து வரும் கிளிங்கர் ஒரு டன்னுக்கு இந்த வகையில் மட்டும் அரை டன்னுக்குச் சற்று மேல். உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டினுடையது. கடல் லட்சக்கணக்கான ஆண்டுகளில் மூடிவைத்ததைச் சூளை சில மணி நேரத்தில் திறந்துவிடுகிறது. அரியலூர் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவதும் அந்த ஆலைகளால்தான். ஆலையை மூடு என்று எழுதுவது சுலபம், அது நியாயமாகாது. கல்லைக் குறைத்து வேகவைக்கும் வழிகள் இருக்கும்போது அவற்றைக் கைவிடுவதும் நியாயமில்லை.

வெளியிட்ட வாயுவில் கால் பங்குக்கு மேல் கடலே மறுபடி வாங்கிக்கொள்கிறது. அதன் விலை, கடல்நீரின் அமிலத்தன்மை கூடுவது. சிப்பிகள் ஓடு கட்டவே சிரமப்படும் நிலை. காற்றில் கரியமில வாயுவின் அளவு இன்று பத்து லட்சத்துக்கு 420-ஐத் தாண்டிவிட்டது.

புகைபோக்கியை மேலும் அடைப்பதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? புதிய வெளியீடு நின்றுபோனால் காற்றின் வெப்பநிலை ஏறுவதும் ஏறத்தாழ நின்றுவிடும் என்பதே இன்றைய அறிவியலின் கணிப்பு. அது உடனே இறங்காது. அண்டாவின் சூடு இறங்கவிடாது. கடல்மட்டம் இன்னும் பல நூற்றாண்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் கோடைகால ஆர்க்டிக் பனி, காற்றின் சூட்டோடு சேர்ந்தே கூடிக் குறைவது. சூடு நிற்கும் இடத்தில் அதன் இழப்பும் நிற்கும். எங்கே நிறுத்துகிறோம் என்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

வீடு கட்டத் தொடங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்றால் மட்டம் என்று மேஸ்திரியோ கடைக்காரரோ சொன்னால் நம்பிவிடாதீர்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை கலக்க இந்தியத் தரநிர்ணயமே அனுமதிக்கிறது. சாதாரண வீட்டுக்கு அது நன்றாகவே போதும். கலந்த அளவுக்கு அரியலூர்க் கல் வேகாமல் மிஞ்சும். நாள் விட்டு நாள் நீர் ஊற்றாமல், பூச்சும் கான்கிரீட்டும் நன்றாக ஊறும்படி கூடுதல் நாள் தண்ணீர் காட்டுங்கள், அந்த சிமெண்டுக்கு அதுதான் முக்கியம்.